வலப் பக்கத்து ஈரம்

பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவனுக்கு முதல் எதிரி புளியங்காய். ராஜ வீதியில் மாப்பிள்ளை அழைப்பு போய்க்கொண்டிருக்கும். நான் கண்ணை மூடி உருகி வாசித்துக்கொண்டிருப்பேன். எங்கிருந்தோ ஒரு குட்டிச்சாத்தான் புளியங்காயும் உப்புமாக நேர் எதிரே வந்து நிற்கும். கடிக்கும், ஒரு கண்ணைச் சுருக்கும், சப்புக் கொட்டும். அவ்வளவுதான். நம் வாயில் ஊறுவது அத்தனையும் ஊதுகிற முனையில் கட்டியிருக்கும் ரீடில் இறங்கி, பாட்டு கொழகொழத்துப் போய்விடும். ரீடு என்பது மெல்லிய நாணல் சீவல். அது ஈரமாகவும் இருக்க வேண்டும், குளித்தும் விடக்கூடாது.

இதற்கு ஒரே வழி விழுங்குவது. உதடு நெகிழாமல், கன்னம் அசையாமல், மூச்சு இழுக்கிற இடைவெளியில் விழுங்கிவிட வேண்டும். ஊதுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு இது நாளடைவில் ரத்தத்தில் ஊறிப்போகும். வாயில் புளிப்பு பட்டால் தொண்டை தானாக விழுங்கும். விழுங்குகிறோம் என்று நமக்கே தெரியாது. அப்படி நான் எதிரியாக நினைத்து விழுங்கித் தள்ளிய எச்சிலுக்காகத்தான் பிற்பாடு நாயாய் அலைந்தேன்.

நாக்கின் அடியில் ஒரு கட்டி வந்தது. கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முகத்துக்கு ஒரு முகமூடி மாட்டி, மேசையோடு சேர்த்து அழுத்தி, ஏதோ ஒரு மெஷினைக் காட்டுவார்கள். வலி ஒன்றும் இல்லை. கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் போயிற்று. காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் எச்சில் சுரக்கிற சுரப்பி இருக்கிறதாம், கரண்டு அதையும் சுட்டுவிட்டதாம். இதை முன்னாலேயே சொன்னோமே என்றார்கள். சொல்லியிருப்பார்கள். கட்டி என்று கேட்ட பிறகு மற்றது எது காதில் ஏறும்?

எச்சில் இல்லாத வாய் எப்படி இருக்கும் என்று எச்சில் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சோற்றை மென்றால் மணலை மெல்வதுபோல் இருக்கும். இட்லியை மோரில் கரைத்துக் குடித்தேன். பேசப் பேச நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் உதட்டைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்க வேண்டும். மெதுவாகப் பிரிக்காவிட்டால் தோல் கிழிந்து ரத்தம் வரும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிளாரினெட்டை எடுத்தால் இரண்டு வரி தாண்டவில்லை. ரீடைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், காய்ந்து போனது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன், அது வாசிப்பா, கொப்பளிப்பா? நாக்கு ரீடில் பட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

பேண்டு செட் என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தம்பியுடையது. அவன் என்னைக் கைவிடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். உள்ளே மணி போட்ட ஒரு குலுக்கு டப்பாவை என் கையில் கொடுத்தான். "சும்மா தாளத்துக்குக் குலுக்கிக்கினு வா மாமா, போதும்" என்றான். என் கிளாரினெட்டை அவனே எடுத்துக்கொண்டான். முன்வரிசையில் இருந்த நான் தங்க ஜரிகைத் தொப்பியோடு கடைசி வரிசையில் டப்பா குலுக்கினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். அவனுக்கு உள்ளூர சந்தோஷம் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

நான் அப்படித்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால்கூட, எதற்கு இவன் என்னை மட்டும் முன்னால் உட்காரச் சொல்கிறான் என்று யோசிப்பேன். என் மனைவி ஜாக்கெட் தைக்கிறவள், அவளும் எனக்குச் சளைத்தவள் இல்லை. துணி கொண்டுவருகிறவர்கள் அளவுக்குக் கொடுக்கிற பழைய ஜாக்கெட் அவர்களுடையதுதானா என்று கேட்டுத்தான் வாங்குவாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் முன்னால்தான் அந்த டாக்டர் பெண் வந்து உட்கார்ந்தாள்.

சென்னையில், கரண்ட் வைத்த இடத்துக்குச் சோதனைக்காகப் போயிருந்தபோது நடந்தது அது. சின்னப் பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆராய்ச்சி செய்கிறாளாம். என் கையின் உட்பக்கத்திலிருந்து துளித் தோல் எடுத்து, அந்தத் தோலின் செல்களை மாற்றி, எச்சில் சுரப்பியின் செல்களாக்கி, காதுக்கு முன்னால் ஊசி போட்டு உள்ளே வைப்பாளாம். செத்த சுரப்பி மறுபடி வளருமா என்று பார்ப்பாளாம்.

"தோல் எப்டிமா எச்சில் ஆவும்?" என்று கேட்டேன். எங்கள் தெருக்கோடியில் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்வதை அப்படியே எடுத்துவிட்டேன். "கறுப்பு ஏத்துன பட்டு நூலத் திருப்பி மஞ்சளாக்க முடியுமா? ஏறுனது ஏறுனதுதானே."

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "சார் பேண்டுல இருக்கீங்க இல்லீங்களா? டிரம் அடிக்கிறவருக்கு உங்க பாட்டு முழுசும் தெரியுமுங்களா?"

"தெரியும். தெனம் கேக்கறான் இல்ல."

"ஆனா அவரு டிரம் மட்டும்தான் அடிக்கிறாரு. அதே மாதிரிதானுங்க. ஒவ்வொரு செல்லுக்கும் உடம்போட பாட்டு முழுசும் தெரியும். தோல் செல் தோலோட பங்க மட்டும் வாசிக்குது. நாங்க அத வாசிக்கிறத நிறுத்த வெச்சு, சின்னக் கொழந்தையாக்கி, மறுபடி வேற பங்கு சொல்லிக் குடுக்கிறோம்."

"டிரம்காரன் கையில கிளாரினெட்ட குடுத்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஆமாங்க, அந்த ஆபத்தும் இருக்குதுங்க. சொல்லிக் குடுத்தத சரியா கத்துக்காத செல் கட்டியா மாறலாம். அதுக்காகப் பல சோதனை பண்ணித்தான் உள்ள வைப்போம். இருந்தாலும் இருக்குதுங்க."

என் மனைவி எழுந்துவிட்டாள். ஒரு கட்டிக்காகத்தானே இத்தனை பாடு, இன்னொரு கட்டியை ஊசி போட்டு ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பெண் அதற்கு மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், இப்போது கொடுக்கிற வைத்தியம் எதுவும் நிற்காது என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். இரண்டு பக்கமும் ஊசி போடுவார்கள். ஒரு பக்கம் செல், இன்னொரு பக்கம் வெறும் உப்புத் தண்ணீர். எந்தப் பக்கம் எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வேறொரு இடத்தில் இருக்கிற ஒருவருக்கு மட்டும் தெரியும், கடைசியில்தான் சொல்வார். பக்கம் தெரிந்துவிட்டால் மனசு அந்தப் பக்கத்துக்குச் சாய்ந்துவிடும், அளவு கெட்டுவிடும் என்றாள்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஊருக்கு வருகிற வழி முழுக்க பஸ்ஸில் அதே யோசனை. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் என்று தானே ஒப்புக்கொள்கிறவள் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீரை ஏற்றினால் எனக்கு என்ன தெரியும்? தோலை எடுத்துக்கொண்டு வேறு யாருக்காவது வைத்துவிட்டால்? "உஷாரா இருய்யா, தோலுக்குத்தான் இவ்ளோ மரியாதை" என்றாள் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் பாடினார்கள். நான் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றேன். மதியம் மச்சான் என் கிளாரினெட்டோடு ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனான். என் பெட்டியையே எடுத்துக்கொண்டு போனான். அதன் மூடியில் உள்பக்கம் என் மனைவி சிவப்பு வெல்வெட் தைத்துக் கொடுத்திருந்தாள். அது தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போன் செய்து, தோலை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தோல் எடுப்பது ஒன்றுமே இல்லை, எறும்பு கடித்த மாதிரி. அதன் பிறகு மாதக் கணக்கில் காத்திருந்தேன். நடு நடுவே போன் செய்து விசாரிப்பேன். "வளர்ந்துகிட்டு இருக்குதுங்க சார்" என்பாள். பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்ட மாதிரி பதில் சொல்வாள். ஒரு தடவை, அங்கே கண்ணாடித் தட்டில் என் செல்கள் எச்சிலின் ஒரு சத்தைச் சுரக்க ஆரம்பித்துவிட்டன என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் எச்சில் சென்னையில் தட்டில் ஊறுகிறது, இங்கே நான் மோரில் இட்லி கரைக்கிறேன்.

ஊசி போட்ட அன்று நான் கண் கொட்டாமல் பார்த்தேன். இரண்டு ஊசியும் ஒரே மாதிரி இருந்தன. மேலே துணி சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி செய்திருந்தார்கள். துணியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். முடியாது என்றாள். "எனக்கும் பாக்கணும்னுதான் இருக்குதுங்க சார்" என்றாள். இந்த வார்த்தைக்கெல்லாம் மயங்குவேனா நான்?

வீட்டுக்கு வந்ததும் என் சோதனையை நானே தொடங்கினேன். காலையில் பல் தேய்த்ததும் ஒரு துண்டுப் புளியை நாக்கில் வைப்பேன். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். மேல்கடைவாய்க்கு எதிரே கன்னத்தில் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் வருமாம். இந்தப் பக்கம் துழாவுவேன், அந்தப் பக்கம் துழாவுவேன். ஒன்றும் இல்லை. நாக்குதான் புண்ணாயிற்று. "கண்ணாடியப் பாத்துப் பாத்து உனக்கே கண்ணு பட்டுடப் போவுது" என்பாள் மனைவி.

பிறகு ஒரு நாள் காலையில் தலையணையில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அகலம். நான் முதலில் சந்தேகப்பட்டது மனைவியை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து என் தலையணையில் சாய்ந்தாயா என்று கேட்டேன். அவள் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். காய்ந்து கிடந்தது. தலையணையை முகர்ந்து பார்த்தாள். "எச்சில் நாத்தம்யா இது" என்றாள். எச்சில் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. ஓட்டில் எங்கேனும் ஒழுகல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன்.

அடுத்த சோதனைக்குச் சென்னை போனோம். டாக்டர் பெண்ணிடம் தலையணையைப் பற்றிச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். நாக்கில் எலுமிச்சைப் புளிப்பு வைத்த ஏதோ சொட்டு விட்டாள். கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, ஊறுவதை விழுங்காமல் அதில் விடச் சொன்னாள். குனிந்து உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். கிண்ணம் காய்ந்தபடியே இருந்தது. மறுபடி சொட்டு விட்டாள். மறுபடியும் ஒன்றுமில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன், வைத்தேன் என்ன, போட்டேன். "ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணிதானே ஏத்துனீங்க? இந்த மூஞ்சிக்கு இன்னா தெரியும்னுதானே? என் தோலு எங்கமா போச்சு?" என்று கத்தினேன். வறண்ட வாயோடு கத்தியதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மனைவி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவளும் அதையேதான் நினைத்தாள், கத்துவது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இன்னும் ஒரே ஒரு தடவ. கிண்ணத்தப் பாக்காதீங்க, என்னயப் பாருங்க" என்றாள். சொட்டு விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "நீங்க முழுங்கறீங்க சார்" என்றாள்.

"நான் எங்க முழுங்கறேன்?"

"தொண்ட ஏறி எறங்குதுங்க. இப்பக்கூட."

கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். தொண்டை என் விரலுக்கு அடியில் நழுவி மேலே போய்க் கீழே இறங்கியது. நான் செய்யவில்லை, அதுவாகச் செய்தது. புளிப்பு பட்டதும், உதட்டை இறுக்கி, கன்னத்தை அடக்கி, மூச்சு இழுக்கிற இடத்தில் சத்தமில்லாமல் விழுங்குகிறது. கல்யாண ஊர்வலத்தில் புளியங்காய்ப் பயல்களுக்கு எதிராக நான் வளர்த்த வித்தை. ஊரெல்லாம் திருடனைத் தேடினேன், திருடன் என் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விழுங்காதே என்றால் அது கேட்கிறதா? விழுங்கக்கூடாது என்று நினைக்கும்போதே விழுங்கியிருப்பேன். தலையைக் கவிழ்த்துப் பார்த்தோம், வாயைத் திறந்து வைத்துப் பார்த்தோம். நாங்கள் விழுங்குவது மூச்சு இழுக்கிற இடத்தில் என்று அவளிடம் சொன்னேன். "அப்ப மூச்சு இழுக்காத எடம் எதுங்க?" என்று கேட்டாள். சாவு ஊர்வலத்துக்கு வாசிக்கிற ஒரு மெதுவான மார்ச் இருக்கிறது. அதில் ஒரு நீளமான வரி. நடுவில் மூச்சு எடுத்தால் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களின் கால் தடுமாறும், அதனால் ஒரே மூச்சில் இழுப்போம். அந்த வரியை மூக்கால் முனகச் சொன்னாள். கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்து, வாயைத் தளர்த்தி, முனகினேன். மூச்சு தீர்ந்ததும் மூக்கால் இழுத்துக்கொண்டு உடனே மறுபடி பிடித்தேன். ஆஸ்பத்திரியில் சாவு மார்ச். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வரி நீண்டுகொண்டே போக, கீழுதட்டில் ஏதோ கனத்தது. நூல் மாதிரி இறங்கி கிண்ணத்தில் விழுந்தது. முனகலை நிறுத்த எனக்கு மனமே இல்லை. அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம். நான் அழுதேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

பிறகு இரண்டு கன்னத்திலும் தனித்தனியாகப் பஞ்சு வைத்து, மறுபடி முனகச் சொல்லி, எடுத்து எடை போட்டாள். இடப் பக்கப் பஞ்சு காய்ந்தே இருந்தது. வலப் பக்கப் பஞ்சு நனைந்து கனத்தது. எனக்கே தெரியும், நாக்கால் துழாவினால் வலப் பக்கம்தான் வழவழப்பு. அதற்குப் பிறகு போனபோதெல்லாம் அப்படியேதான் இருந்தது. வலப் பக்கம் ஈரம், இடப் பக்கம் காய்ந்த களம்.

கடைசியாகப் போன அன்றுதான் எந்தப் பக்கம் எது என்று தெரிய வேண்டிய நாள். அவள் மேசைமேல் இருந்த போனை எடுத்து, அந்த இன்னொரு இடத்துக்காரரிடம், ஆராய்ச்சியில் எனக்குக் கொடுத்திருந்த எண்ணைச் சொன்னாள். கேட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். போனை வைத்தாள். என் பைலை எடுத்து, பஞ்சு எடை எழுதிய பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாள். எனக்குத் திக்கென்றது, கட்டி ஏதும் வந்துவிட்டதோ என்று.

"செல் வெச்சது இடது பக்கமுங்க சார்" என்றாள்.

"அப்ப வலதுல?"

"வெறும் உப்புத் தண்ணிதானுங்க."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப எனக்கு ஊறுறது எங்கேர்ந்துமா வருது?"

"தெரியலீங்க. உங்க பழைய சுரப்பியே அந்தப் பக்கம் கொஞ்சம் மீண்டு வந்திருக்கலாம். கரண்ட் வெச்ச செல பேருக்கு அப்படித் தானா வர்றதுண்டு. நாங்க வெச்ச செல்லு வேற ஏதாச்சும் வழியில உதவியிருக்குமோன்னு நெனைக்க ஆசையா இருக்குது. ஆனா அதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லீங்க. வெச்ச எடத்துல வேல செய்யல. அதுதான் உண்மை."

"இது நெலைக்குமா?"

"அதுவும் தெரியாதுங்க."

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எச்சில் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்றாள். அது பொய்யில்லை. ஆனால் கண் கலங்கியது அந்தச் சந்தோஷத்தால் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை மாதம் பிள்ளையைப் போல வளர்த்தாள் அதை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வழக்கப்படி அவளைச் சந்தேகப்பட உட்கார்ந்தேன். என்ன லாபத்துக்காக இப்படிச் சொன்னாள் என்று தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வலது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவள் காலில் விழுந்திருப்பேன். காலனி முழுக்க அவள் பேரைச் சொல்லியிருப்பேன். போனில் அந்த ஆள் என்ன சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பூந்தமல்லி தாண்டியதும் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதத்தான்யா யோசிச்சிக்கினு வர்றேன்" என்றாள்.

இப்போது பாதி வாயோடு வாசிக்கிறேன். ரீடை வலக் கன்னத்தில் ஒதுக்கி நனைத்துக்கொள்கிறேன். ஊர்வலம் முழுவதும் தாங்காது, நடுவில் மச்சான் வாங்கிக்கொள்வான். "முடியலன்னா கண்ணக் காட்டு மாமா, நான் புடிச்சிக்கிறேன்" என்பான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான் என்று மனைவி சொல்கிறாள். நான் எப்போது நிறுத்துவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறானோ என்று எனக்கு இன்னமும் ஒரு இது உண்டு. காலையில் கண் விழித்ததும் நாக்கை வலப் பக்கம் அனுப்பிப் பார்க்கிறேன். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

போன வாரம் ஒருவர் எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டரில் வந்தார். பெரிய கோயில் பக்கத்தில் பட்டுத் தறி போட்டிருப்பவர், நெற்றியில் விபூதி. ஒரு கல்யாணத்தில் நான் வாசித்ததைப் பார்த்து, என் கதையைக் கேட்டறிந்து, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். அவர் சட்டைப் பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒரு வாக்கியம் பேசுவார், ஒரு மடக்கு குடிப்பார். உதடு ஒட்டி ஒட்டிப் பிரிவதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கன்னத்துல கட்டி, மாஸ்டர். கரண்ட் வெச்சாங்க" என்றார். "வெறுஞ்சோறு தின்னு ஒரு வருசம் ஆவுது. அங்க ஒரு டாக்டர் பொண்ணு தோல் கேக்குது. வீட்ல எல்லாரும் வேணாங்கறாங்க. உங்களுக்கு அந்தப் பொண்ணுதான் எச்சில் வரவெச்சுதுன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டு போயிருப்பார். தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நடந்ததை முழுவதும் சொன்னேன். செல் வைத்த பக்கம் காய்ந்து கிடப்பதையும், உப்புத் தண்ணீர் வைத்த பக்கம் ஊறுவதையும் சொன்னேன். கட்டியாக மாறலாம் என்று அவள் முதல் நாளே சொன்னதையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"அப்ப இன்னாத்துக்கு மாஸ்டர் நான் அங்க போவணும்?"

"மருந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அது வேலை செய்யுமான்னு அந்தப் பொண்ணுக்கே இன்னும் தெரியாது" என்றேன். "ஆனா எனக்கு இந்த ஊர்ல யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது. என் மச்சான் மேலயே கெடையாது. அந்தப் பொண்ணு உங்ககிட்ட பொய் சொல்லாது. அது மட்டும் நான் சொல்லுவேன்."

அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். பிறகு, எந்த பஸ்ஸில் ஏறினால் அங்கே நேரே இறங்கலாம் என்று கேட்டார்.